செல்போன் செயலியில் முன்னேற்ற வளையம் வரைவது எப்படி?



கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். இரவு மணி பதினொன்று. மகள் செல்போனில் ஒவ்வொரு சான்றிதழாகப் படம் எடுத்து ஏற்றிக்கொண்டிருக்கிறாள். திரையின் நடுவில் ஒரு பச்சை வளையம் வளர்ந்துகொண்டே போய்ப் பூர்த்தியாகிறது. பக்கத்தில் இருக்கும் உம்மா, "முடிஞ்சிருச்சாம்மா?" என்று கேட்கிறார். "முடிஞ்சிருச்சும்மா" என்று சொல்லி மகள் போனை அணைத்து வைக்கிறாள். உண்மையில் கடைசிச் சான்றிதழ் போய்ச் சேரவில்லை. மறுநாள் பார்த்தால் விண்ணப்பம் பாதியில் நிற்கிறது.

இப்படி ஒரு வீட்டில் நடந்தால், தவறு அந்தப் பிள்ளையுடையதா? இல்லை. வளையம் பூர்த்தியானதைப் பார்த்துத்தான் அவள் நம்பினாள். அந்த வளையத்தை வரைந்தவர் அதை உண்மையான கணக்கோடு இணைக்காமல் விட்டதே தவறு.

நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று செயலி உருவாக்கக் கற்று வருகிறார்கள். அவர்களுக்கும், அவர்கள் என்ன படிக்கிறார்கள் என்று அறிய விரும்பும் பெற்றோருக்கும் ஆனது இந்தப் பாடம். ஆண்ட்ராய்டு போனில் ஒரு முன்னேற்ற வளையத்தை நாமே வரைந்து, அதை அசையவும் வைக்கப் போகிறோம். கோணமும் சதவீதமும் தெரிந்தால் கணக்குப் பகுதி எளிதில் விளங்கும். நிரல் எழுதக் கோட்லின் மொழியின் அடிப்படையும், இலவசமாகக் கிடைக்கும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ மென்பொருளும் வேண்டும். கட்டளைகளின் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் உச்சரிப்பாகத் தருகிறோம். தட்டச்சு செய்யும்போது அவற்றை ஆங்கில எழுத்திலேயே எழுத வேண்டும்.

வளையம் எதற்கு?

காத்திருப்பவருக்கு இரண்டு கேள்விகள் உண்டு. வேலை நடக்கிறதா? இன்னும் எவ்வளவு மீதி? இவற்றுக்குப் பதில் சொல்வதே முன்னேற்றக் குறியீட்டின் வேலை. 1985-இல் பிராட் மையர்ஸ் என்ற கணினி ஆய்வாளர், சதவீதம் காட்டும் குறியீடுகள் ஏன் முக்கியம் என்று ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். எவ்வளவு முடிந்தது என்று தெரிந்துகொண்டு காத்திருப்பதையே மக்கள் விரும்புகிறார்கள் என்பதை அதில் காட்டினார்.

ஜேக்கப் நீல்சன் என்ற நிபுணர் சொல்லும் கால அளவுகளையும் நினைவில் வைக்கலாம். 0.1 விநாடிக்குள் பதில் வந்தால் உடனே நடந்ததுபோலத் தோன்றும். 1 விநாடி வரை சிந்தனை தடைபடாது. 10 விநாடியைத் தாண்டினால் கவனம் வேறு பக்கம் போய்விடும். ஆகவே நீண்ட வேலைகளுக்கு எவ்வளவு முடிந்தது என்று காட்டியே ஆக வேண்டும்.

குறியீடுகள் இரண்டு வகை. மொத்த அளவு தெரிந்திருந்தால் சதவீதம் காட்டும் வளையம். தெரியாவிட்டால் வெறுமனே சுழலும் வளையம். மொத்தம் எவ்வளவு என்று தெரியாமலே சதவீதம் காட்டுவது பொய்க்கணக்கு. சில செயலிகளில் வளையம் கடிகாரத்தைப் பார்த்து நகர்கிறது. ஐந்து விநாடியில் நிறைந்துவிட வேண்டும் என்று எழுதி வைத்திருப்பார்கள். இணைப்பு அறுந்தாலும் அது நிறைந்துவிடும். நாம் அப்படி எழுதக் கூடாது.

முதல் படி: சரியான எண்ணைக் கண்டுபிடித்தல்

பலர் முதலில் வண்ணத்தைத் தேர்வு செய்கிறார்கள். நாம் எண்ணிலிருந்து தொடங்குவோம்.

ஒரு விண்ணப்பத்துக்கு நான்கு கோப்புகள் என்று வைத்துக்கொள்வோம். புகைப்படம் 200 கேபி, வருமானச் சான்று 300 கேபி, மதிப்பெண் பட்டியல் 500 கேபி, வங்கிப் பாஸ்புக் பக்கம் 1000 கேபி. மொத்தம் 2000 கேபி. முதல் மூன்றும் போய்விட்டன. கோப்புகளை எண்ணினால் நான்கில் மூன்று, அதாவது 75 சதவீதம். அளவைக் கூட்டினால் 2000-இல் 1000, அதாவது 50 சதவீதம்தான். எது சரி? காத்திருக்கும் நேரம் அளவைப் பொறுத்தது என்பதால் இரண்டாவது கணக்கே சரி. கோப்புகளை எண்ணிக் காட்டினால் முக்கால்வாசி முடிந்ததுபோலத் தோன்றும். பிறகு கடைசிக் காலுக்கு, அதுவரை ஆன நேரம் மறுபடியும் ஆகும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. போனிலிருந்து எல்லாப் பைட்டுகளும் வெளியேறிவிட்டன என்பது வேறு, மறுமுனையிலுள்ள சர்வர் அவற்றைப் பெற்றுச் சேமித்துவிட்டது என்பது வேறு. தபால் பெட்டியில் கடிதம் போட்டதும், அது உரியவர் கைக்குச் சேர்ந்ததும் ஒன்றாகுமா? ஆகவே அனுப்பும் வேலைக்கு 95 சதவீதம் என்றும், சர்வரின் ஒப்புதலுக்கு மீதி 5 சதவீதம் என்றும் பிரித்துக்கொள்ளுங்கள். எல்லாம் அனுப்பியானதும் வளையம் 95-இல் நிற்க, கீழே "சரிபார்க்கப்படுகிறது, செயலியை மூட வேண்டாம்" என்ற வரி வரட்டும். சர்வர் ஒப்புதல் தந்த பிறகே 100. கூடவே விண்ணப்ப எண்ணையும் காட்டினால் பார்ப்பவர் மனம் நிம்மதியாகும்.

எண்ணை 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட பின்னமாக வைத்துக்கொள்ளுங்கள். மொத்த அளவு பூஜ்யமாக இருந்தால் வகுக்கக் கூடாது என்ற சோதனையையும், 1-ஐத் தாண்டக் கூடாது என்ற வரம்பையும் நிரலில் சேர்த்துவிடுங்கள்.

இரண்டாம் படி: எண்ணைக் கோணமாக்குதல்

முழு வட்டம் 360 பாகை. பின்னத்தை 360-ஆல் பெருக்கினால் வளையத்தின் கோணம் கிடைக்கும். 40 சதவீதம் என்றால் 0.40 × 360 = 144 பாகை.

ஆண்ட்ராய்டில் பூஜ்யப் பாகை கடிகாரத்தின் 3 மணி இடத்தில் தொடங்குகிறது. கோணம் கடிகாரம் சுற்றும் திசையிலேயே கூடும். நமக்கு வளையம் 12 மணி இடத்தில் தொடங்க வேண்டும். அதற்குத் தொடக்கக் கோணத்தை மைனஸ் 90 என்று தர வேண்டும். புதிதாகக் கற்பவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

அடுத்து அளவு. திரையில் நாம் பிக்சலை நேரடியாகக் கொடுப்பதில்லை. போனுக்குப் போன் அடர்த்தி மாறும் என்பதால் டிபி என்ற அலகைப் பயன்படுத்துகிறோம். டிபியைத் திரையின் டிபிஐ அளவால் பெருக்கி 160-ஆல் வகுத்தால் பிக்சல் கிடைக்கும். 420 டிபிஐ கொண்ட ஒரு போனில் 200 டிபி சதுரம் 525 பிக்சல் ஆகும். 16 டிபி தடிமனுள்ள கோடு 42 பிக்சல் ஆகும்.

கோடு வரையும்போது அதன் தடிமனில் பாதி வட்டத்துக்கு உள்ளேயும் பாதி வெளியேயும் விழும். சதுரத்தின் விளிம்பையே எல்லையாகத் தந்தால் வெளிப்பாதி வெட்டுப்படும். ஆகவே நான்கு பக்கமும் பாதித் தடிமன் அளவு, அதாவது 21 பிக்சல் உள்ளே தள்ள வேண்டும். நம் எல்லை 21-இல் தொடங்கி 504-இல் முடியும்.

மூன்றாம் படி: வரைதல்

வியூ என்ற வகுப்பிலிருந்து நமக்கென ஒரு புதிய வகுப்பை உருவாக்குகிறோம். அதன் வேலைகள் இந்த வரிசையில் அமையும்:

1. இரண்டு பெயின்ட்களைத் தயார் செய்யுங்கள். ஒன்று அடியில் தெரியும் சாம்பல் தடத்துக்கு, மற்றொன்று வளரும் பச்சை வளையத்துக்கு. இரண்டுக்கும் ஸ்டைல் "ஸ்ட்ரோக்" என்று இருக்கட்டும். இல்லையெனில் உட்பகுதி நிரம்பிவிடும். விளிம்பு மென்மையாக இருக்க ஆன்டி-அலியாஸ் வசதியை இயக்குங்கள்.

2. "ஆன்சைஸ்சேஞ்ச்ட்" என்ற இடத்தில் எல்லைச் சதுரத்தைக் கணக்கிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

3. "ஆன்டிரா" என்ற இடத்தில் "டிராஆர்க்" கட்டளையை இருமுறை அழையுங்கள். முதல்முறை சாம்பல் தடத்துக்கு முழு 360 பாகை. இரண்டாம் முறை பச்சை வளையத்துக்குத் தொடக்கம் மைனஸ் 90, நீளம் பின்னம் பெருக்கல் 360. மையத்தோடு இணைக்கவா என்று கேட்கும் இடத்தில் இரண்டு முறையும் "ஃபால்ஸ்" என்று தாருங்கள்.

4. நடுவில் சதவீத எண்ணை எழுதுங்கள்.

புதிய பெயின்ட், புதிய சதுரம் எதையும் "ஆன்டிரா"வுக்குள் உருவாக்காதீர்கள். அசைவின்போது அது விநாடிக்குப் பல முறை அழைக்கப்படும். ஒவ்வொரு முறையும் புதிய பொருள்களை உருவாக்கினால் நினைவகத்தைச் சுத்தம் செய்யும் வேலை கூடி, விலை குறைந்த போன்களில் வளையம் திக்கித் திக்கி ஓடும்.

உருண்டை முனையில் ஓர் எச்சரிக்கை

கோட்டின் முனை உருண்டையாக இருந்தால் அழகு என்று பலர் "ரவுண்ட்" என்ற அமைப்பைத் தேர்ந்தெடுப்பார்கள். ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் வளையத்தின் ஆரம் 241.5 பிக்சல். சுற்றளவு ஏறக்குறைய 1517 பிக்சல். ஒரு சதவீதம் என்பது சுமார் 15 பிக்சல். உருண்டை முனை ஒவ்வொரு பக்கமும் பாதித் தடிமன் அளவு, அதாவது 21 பிக்சல் கூடுதலாக நீளும். இரு பக்கமும் சேர்த்து 42 பிக்சல்.

விளைவு என்ன? 98 சதவீதத்தில் இருக்க வேண்டிய இடைவெளி 30 பிக்சல்தான். இரண்டு முனைகளும் அதை மூடிவிடும். வேலை முடியாமலே வளையம் பூர்த்தியானதாகக் கண்ணுக்குத் தெரியும். அதுபோல 1 சதவீதம் முடிந்தபோது கிட்டத்தட்ட 4 சதவீதம்போலத் தெரியும். கணக்கு சரியாக இருந்தும் படம் தவறாகச் சொல்கிறது.

இதற்குத் தீர்வு எளிது. "பட்" என்ற தட்டையான முனையைப் பயன்படுத்துங்கள். உருண்டை முனைதான் வேண்டும் என்றால் கோட்டை மெல்லியதாக்கி, 98, 99 சதவீதங்களில் இடைவெளி தெரிகிறதா என்று சோதித்துப் பாருங்கள்.

நான்காம் படி: அசைவு

புதிய எண் வந்தவுடன் வளையம் பட்டென்று தாவினால் கண்ணுக்கு உறுத்தலாக இருக்கும். "வேல்யூஅனிமேட்டர்" என்ற கருவி ஓர் எண்ணிலிருந்து இன்னோர் எண்ணுக்குச் சிறு சிறு படிகளாக நகர்த்தித் தரும். ஒவ்வொரு படியிலும் நாம் பின்னத்தை மாற்றி "இன்வேலிடேட்" என்று அழைத்தால் வளையம் மீண்டும் வரையப்படும்.

வளையம் 40-லிருந்து 45 சதவீதத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 144 பாகையிலிருந்து 162 பாகை வரை, மொத்தம் 18 பாகை. அனிமேட்டரின் இயல்பான கால அளவு 300 மில்லி விநாடி. விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் ஒரு சட்டத்துக்கு 16.7 மில்லி விநாடி, ஆக 18 சட்டங்கள். சீரான வேகத்தில் ஓடினால் சட்டத்துக்கு ஒரு பாகை. கண்ணுக்கு இது வழுக்கிச் செல்வதுபோலத் தெரியும்.

இங்கே கவனிக்க வேண்டியவை:

அசைவைப் பூஜ்யத்திலிருந்து தொடங்காதீர்கள். திரையில் இப்போது தெரியும் இடத்திலிருந்து தொடங்குங்கள். ஓர் அசைவு முடிவதற்குள் அடுத்த எண் வந்துவிட்டால் பழைய அனிமேட்டரை ரத்து செய்துவிட்டுப் புதியதை இயக்குங்கள்.

"ஓவர்ஷூட்" என்ற வகையை இங்கே பயன்படுத்த வேண்டாம். அது இலக்கைத் தாண்டிப் போய்த் திரும்பி வரும். பொத்தான்களுக்கு அது பொருந்தலாம். கணக்குச் சொல்லும் வளையத்துக்குப் பொருந்தாது.

கோப்பு அனுப்பும் வேலை பின்னணி இழையில் நடக்கும். அசைவைத் தொடங்குவதும் வியூவை மாற்றுவதும் முதன்மை இழையில்தான் நடக்க வேண்டும். இதை மறந்தால் செயலி நின்றுவிடக்கூடும்.

திரையிலிருந்து வளையம் நீங்கும்போது, "ஆன்டிடாச்ட்ஃப்ரம்விண்டோ" என்ற இடத்தில் அனிமேட்டரை நிறுத்திவிடுங்கள்.

இணைப்பு அறுந்தால் வளையம் இருந்த இடத்திலேயே நிற்கட்டும். "இணைப்பு இல்லை, மீண்டும் முயல்கிறது" என்று எழுதிக் காட்டுங்கள். ஓடுவதுபோல நடிக்க வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: எல்லோருக்கும் விளங்கும்படி

நம் செயலியைப் பயன்படுத்துவோரில் பார்வை குறைந்த பெரியவர்களும் இருப்பார்கள், பார்வையற்றவர்களும் இருப்பார்கள். 2018-இல் வெளியான டபிள்யூசிஏஜி 2.1 என்ற அணுகல் நெறிமுறை, பொருளை விளங்கிக்கொள்ளத் தேவையான வரைபடப் பகுதிக்கும் அதை ஒட்டிய நிறத்துக்கும் குறைந்தது 3-க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும் என்கிறது. வெள்ளைப் பின்னணியில் வெளிர்பச்சை வளையம் வெயிலில் நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. அடர்ந்த பச்சையாக வையுங்கள். வெற்றிக்குப் பச்சை, தோல்விக்குச் சிவப்பு என்று நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். இரண்டும் ஒன்றுபோலத் தெரிகிற கண்கள் உண்டு. சொல்லாலும் எழுதுங்கள்.

பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துச் சொல்லும் டாக்பேக், நாம் வரைந்த வளையத்தைத் தானாகப் புரிந்துகொள்ளாது. அது வெறும் கோடுதான். "சான்றிதழ்கள் ஏறுகின்றன, 45 சதவீதம்" என்ற விளக்கத்தை நாமே சேர்க்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு சதவீதத்துக்கும் பேச வைத்தால் கேட்பவருக்குத் தொல்லை. 25, 50, 75, முடிவு என்று சொன்னால் போதும்.

அசைவைப் பார்த்தால் தலைசுற்றும் சிலர் போனின் அமைப்பில் அசைவுகளை நிறுத்தி வைத்திருப்பார்கள். அவர்கள் போனில் வளையம் நேரடியாகப் புதிய இடத்துக்குத் தாவினாலும் எண் சரியாக இருக்க வேண்டும். அசைவு இல்லாமலும் செய்தி போய்ச் சேர வேண்டும்.

அரபு, உருது மொழிகளுக்கும் செயலி செய்யும் பிள்ளைகள் ஒன்றைக் கவனியுங்கள். படுக்கைவாட்டில் நிரம்பும் பட்டை அம்மொழிகளில் வலமிருந்து இடமாக நிரம்ப வேண்டும். வளையத்தைத் திருப்ப வேண்டாம். கடிகாரம் எல்லா மொழியினருக்கும் ஒரே திசையில்தான் சுற்றுகிறது.

மற்றக் கருவிகளில்

இந்தக் கணக்கு ஆண்ட்ராய்டோடு நின்றுவிடாது. ஃப்ளட்டரில் "கஸ்டம்பெயின்டர்" மூலம் இதே வளைவை வரையலாம். அங்கே பாகைக்குப் பதில் ரேடியன் என்பதால் முழு வட்டம் 2 பை, தொடக்கம் மைனஸ் பை வகுத்தல் 2. ஐபோனுக்கான ஸ்விஃப்ட்யூஐயில் ஒரு வட்டத்தை எடுத்து "டிரிம்" கட்டளையால் பின்னம் அளவுக்கு நறுக்கி, மைனஸ் 90 பாகை திருப்பினால் போதும்.

பயிற்சி

1. 30 சதவீதத்துக்கு வளையத்தின் கோணம் என்ன?
2. 320 டிபிஐ போனில் 12 டிபி கோடு எத்தனை பிக்சல்? எல்லையை எவ்வளவு உள்ளே தள்ள வேண்டும்?
3. 20-லிருந்து 60 சதவீதத்துக்கு 300 மில்லி விநாடியில், 60 சட்டத் திரையில், சீரான வேகத்தில் போனால் சட்டத்துக்கு எத்தனை பாகை?
4. வளையத்தை முடித்தபின், கோப்பு ஏறிக்கொண்டிருக்கும்போதே போனின் இணையத்தை நிறுத்துங்கள். வளையம் என்ன சொல்கிறது? அது சொல்வது உண்மையா?

விடைகள்: 1) 108 பாகை. 2) 24 பிக்சல், 12 பிக்சல். 3) 144 பாகையை 18-ஆல் வகுக்க 8 பாகை. நான்காவதற்கு விடை உங்கள் கையில் இருக்கும் போனில்தான் உள்ளது. இந்தச் சோதனையில் தேறாத வளையத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை தான் செய்த செயலியைக் காட்டும்போது "அழகாயிருக்கு" என்று சொல்வதோடு நிறுத்திவிடாமல், "இந்த எண் எங்கிருந்து வருது?" என்றும் கேளுங்கள். நிரல் தெரியாத எவரும் கேட்கக்கூடிய கேள்வி இது. அடுத்தவரின் நேரமும் நம்பிக்கையும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்று வளரும் பிள்ளை, "முடிஞ்சிருச்சாம்மா?" என்று ஏதோ ஒரு வீட்டில் ஓர் உம்மா கேட்கும் நேரத்தில் சரியான பதிலைத் தரும் வளையத்தை வரைவான், வரைவாள்.